சான்றிதழ் நான்கும் இருக்கிறது, மணி அடித்தால் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் போனால் கோப்பில் முதலில் தேடப்படுபவை நான்கு தாள்கள்: பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பள்ளிகளுக்குப் பாதுகாப்பு ஆலோசகராகப் போய்வருகிறேன். பெரும்பாலான பள்ளிகளில் இந்த நான்கையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்து முடித்ததும் நான் ஒன்று கேட்பேன். "இந்த நிமிடம் மேல்மாடியில் புகை வந்தால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை யார், எந்தப் படி வழியாக, எங்கே கூட்டிப்போய் நிறுத்துவார்கள்?" தலைமையாசிரியர் உடற்கல்வி ஆசிரியரைப் பார்ப்பார். அவர் அலுவலக உதவியாளரைப் பார்ப்பார்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் மாநிலத்தில் பள்ளிப் பாதுகாப்புக்கான விதிகள் வளர்ந்த விதமே அப்படி. கட்டடத்தைப் பற்றி அவை நிறையக் கேட்கும். ஆபத்து நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதைக் குறைவாகத்தான் கேட்கும்.

2004 ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெரு. மதிய உணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ, வகுப்பறைகளுக்கு மேல் இருந்த கீற்றுக்கூரைக்குத் தாவியது. குறுகலான படி, நெருக்கமான வகுப்புகள். 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது, நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. கும்பகோணத்தை முன்வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி கட்டடம் இருந்தால்தான் அங்கீகாரம் தர வேண்டும், தீயணைப்பான்கள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அவற்றைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டுச் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன் மைதானத்தில் மஞ்சள் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் காவல்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து அவசர வழி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று பார்ப்பது அந்த விதிகளால்தான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைப் பார்த்து, பலவற்றை இடித்தார்கள். 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வாகனம் மோதி ஒரு சிறுவன் இறந்தான். பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயமாயின. 2018-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023-ல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது.

இந்த விதிகள் ஒவ்வொன்றும் தேவையானவை. அவை உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இவை நடந்துவிட்ட ஒன்று அதே மாதிரி மறுபடி நடக்காமல் தடுக்க வந்த விதிகள். அடுத்த ஆபத்து வேறு வாசல் வழியாக வரும். மின்பெட்டியில் வரலாம், ஆய்வகத்தில் வரலாம், வெள்ளமாக வரலாம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் சுனாமி வந்த நேரத்தில் நாகப்பட்டினம் கடலோரத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை. வேலைநாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே உடம்பு பதறுகிறது. எதிர்பாராத ஆபத்துக்குத்தான் அவசரகாலத் திட்டம் வேண்டும். அதைச் சான்றிதழாக வாங்கிக் கோப்பில் சேர்க்க முடியாது.

படிக்கட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பள்ளிப் படிக்கட்டின் அகலம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. வெளியேறும் கதவு 1 மீட்டராவது இருக்க வேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே திறக்கும்படி இருக்க வேண்டும். புதிய கட்டடங்களில் இந்த அளவுகள் சரியாகவே இருக்கும். இரண்டு படிக்கட்டும் இருக்கும். ஆனால் இரண்டாவது படிக்கட்டைப் போய்ப் பாருங்கள். கீழே சுருக்குக் கதவு, அதில் பூட்டு. "பசங்க மொட்டைமாடிக்கு ஓடுறாங்க சார்" என்பார்கள். சாவி காவலாளியிடம். காவலாளி டீ குடிக்கப் போயிருப்பார். படிகளுக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் கட்டுகள், ஆண்டுவிழாவுக்குக் கட்டிய தெர்மோகோல் அலங்காரம். தீ பிடிக்கக்கூடிய பொருளை எல்லாம் தப்பிக்கும் வழியிலேயே அடுக்கி வைத்திருக்கிறோம்.

ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் அந்தப் பூட்டு இருக்காது, பெஞ்சுகளும் இருக்காது. அன்று தரப்படும் சான்றிதழ் பொய்யில்லை, அன்றைக்கு அந்தப் படி திறந்துதான் இருந்தது. மீதி நாட்களில் அதைத் திறந்து வைப்பது யார் பொறுப்பு என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். காலையில் மணி அடிக்கும் முன் இரண்டு படிகளையும் நடந்து பார்த்து, ஒரு நோட்டில் கையெழுத்துப் போட ஒருவர் போதும். பணம் செலவில்லை. பிள்ளைகள் மொட்டைமாடிக்குப் போவதுதான் பயம் என்றால் மொட்டைமாடிக் கதவைப் பூட்டுங்கள். தரைத்தளக் கதவைப் பூட்டாதீர்கள்.

அப்புறம் மணி. பள்ளிகளில் இப்போது மின்மணிதான். தீ என்றால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறோம். துண்டித்த பிறகு எந்த மணி அடிக்கும்? சில பழைய அரசுப் பள்ளிகளில் வேப்பமரத்திலோ தாழ்வாரத்திலோ ஒரு தண்டவாளத் துண்டு இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டிருக்கிறேன். விடாமல் அடித்தால் ஊருக்கே கேட்கும். இல்லாத பள்ளிகளில் கைமணியும் விசிலும் வாங்கி வையுங்கள். பாடவேளை மணியிலிருந்து அந்த ஒலி வேறுபட வேண்டும், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

ஒத்திகை என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது செயல்விளக்கம். தீயணைப்பு வீரர்கள் வந்து மைதானத்தில் எண்ணெய்ச் சட்டியில் தீ மூட்டி அணைத்துக் காட்டுவார்கள், பிள்ளைகள் கைதட்டுவார்கள், படம் எடுத்து அனுப்புவார்கள். தீபாவளிக்கு முன் இது பல ஊர்களில் நடக்கிறது. நல்லதுதான், நானே நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் அதில் பிள்ளைகள் ஏற்கெனவே மைதானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வகுப்பிலிருந்து இறங்கி மைதானத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் ஒத்திகையில் தெரிய வேண்டியது. தீயணைப்புத் துறை கடைப்பிடிக்கும் தீத்தொண்டு வாரம் ஏப்ரல் 14 முதல் 20 வரை வருகிறது. நம் பள்ளிகளுக்கு அது தேர்வும் விடுமுறையுமான நேரம். ஒத்திகையை ஜூனிலேயே வைத்துவிடுங்கள்.

உண்மையான ஒத்திகை செய்தால்தான் சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் படும். மழலையர் வகுப்புகளில் செருப்பையும் ஷூவையும் வாசலில் கழற்றி வைக்கிறார்கள். மணி அடித்ததும் அத்தனை பேரும் வாசலிலேயே உட்கார்ந்து ஷூ மாட்டத் தொடங்குவார்கள். பின்னால் வரும் வகுப்பு முட்டி நிற்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பையை எடுக்கத் திரும்புவார்கள். தம்பியோ தங்கையோ கீழ் வகுப்பில் படித்தால் அவர்களைத் தேடி எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். வெறுங்காலோடு, பையில்லாமல், தன் வகுப்போடு போக வேண்டும் என்பதைச் சொல்லிப் பழக்க வேண்டும். ஆசிரியர் கையில் எடுக்க வேண்டிய ஒரே பொருள் வருகைப்பதிவேடு. கீழே போய்ப் பெயர் கூப்பிட்டால்தான் கழிப்பறைக்குப் போன பிள்ளை இன்னும் உள்ளே இருப்பது தெரியும். வருகை கைப்பேசிச் செயலிக்கு மாறியிருக்கும் பள்ளிகள் ஒரு தாள் பட்டியலையும் கதவருகே மாட்டி வைப்பது நல்லது.

நடக்க முடியாத, பார்க்க முடியாத, காது கேட்காத பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிடுங்கள். பல பள்ளிகளில் கால அட்டவணையில் ஒரு அறை எண்ணை மாற்றினாலே முடிந்தது.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துத் தீ தொடங்கியது சமைத்த இடத்தில்தான். இன்று அரசுப் பள்ளிகளில் சத்துணவோடு காலை உணவும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்த திட்டம். பசியோடு வந்த பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. கிராமங்களில் சுய உதவிக் குழுப் பெண்கள் பள்ளி வளாகத்திலேயே சமைக்கிறார்கள். ஆசிரியர்கள் வருவதற்கு முன்பே கேஸ் அடுப்பு எரிகிறது, சீக்கிரம் வந்த பிள்ளைகள் வளாகத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பள்ளியில் பொறுப்பான பெரியவர்கள் அந்தச் சமையல் செய்யும் அம்மாக்கள்தான்.

தீயணைப்புப் பயிற்சி என்றால் நாம் ஆசிரியர்களைத்தான் கூப்பிடுகிறோம். தீக்கு மிக அருகில் நிற்பவரை விட்டுவிடுகிறோம். ரப்பர் குழாயைக் குறித்த காலத்தில் மாற்றுவது, வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவது, வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறப்பது, எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுவது, ஒரு ஈரச் சாக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லிக் கொடுத்த இடங்களில் அந்தப் பெண்கள் காட்டிய அக்கறையை வேறெங்கும் பார்த்ததில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், தாங்களே சிலிண்டரைத் திறந்து மூடிக் காட்டுவார்கள். தீயணைப்பான் ஒன்று சமையலறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். "பசங்க விளையாடுறாங்க" என்று தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் பூட்டி வைத்த தீயணைப்பானால் யாருக்கும் பயனில்லை.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. புரளிதான். ஆனால் செய்தி பரவியதும் பெற்றோர் பதறி அடித்துக்கொண்டு பள்ளி வாசல்களில் குவிந்தார்கள். பெற்ற மனம், அப்படித்தான் ஓடி வரும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றால் தீயணைப்பு வண்டியும் 108-ம் உள்ளே வர முடியாது. கூட்டத்தில் யார் எந்தப் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள் என்பதும் தெரியாமல் போகும். பிள்ளைகளை எந்த வாசலில், யார் கையில், எந்த அடையாளத்தைப் பார்த்து ஒப்படைப்போம் என்று பள்ளி முன்கூட்டியே எழுதிப் பெற்றோருக்கு அனுப்பிவிட வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்தையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் இந்தத் திசையில்தான் பேசுகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம், அதைப் பழகிப் பார்க்கும் ஒத்திகைகள் என்று விரிவாகச் சொல்கின்றன. மாநிலத்திடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: அங்கீகாரம் புதுப்பிக்கும்போது நான்கு சான்றுகளோடு ஒத்திகைப் பதிவேட்டையும் கேட்கட்டும். என்று நடந்தது, எந்த நேரத்தில் நடந்தது, கடைசிப் பிள்ளை வெளியே வர எத்தனை நிமிடம் ஆனது, என்ன தடை கண்டுபிடித்தார்கள், அதை எப்போது சரிசெய்தார்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர் முன்னறிவிப்பில்லாமல் மணியை அடித்துப் பார்க்கட்டும். தனியார், அரசு என்று பிரிக்காமல் எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது, தீர்மானமாகவே எழுதச் சொல்லலாம். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்ததும் இரண்டு நிமிடம் போதும். கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது? இரண்டாவது படிக்கட்டின் சாவி யாரிடம்? என் பிள்ளையின் வகுப்பு எங்கே போய் நிற்கும்? பதில் தெரியவில்லை என்றால் கோபப்படாமல் அடுத்த கூட்டத்துக்குள் சொல்லும்படி கேளுங்கள். பயிற்சி வேண்டுமென்று பள்ளி கடிதம் கொடுத்தால் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தினர் வருவார்கள். வரும்போது சமையல் செய்பவர்களையும், பேருந்து ஓட்டுநர்களையும், காவலாளியையும் சேர்த்து உட்கார வையுங்கள்.