பழுப்புக் காகிதப் பையை ஒருமுறை கிழித்துப் பாருங்கள்

பினாங்கில் வீட்டிலிருந்தே மசாலாத்தூளும் முறுக்கும் செய்து விற்பவர்கள், உறை வடிவமைக்க என்னிடம் வந்தால் முதலில் கேட்பது பழுப்புக் காகிதப் பை. ஜிப், மேலே சணல் கயிறு. பார்த்தால் இயற்கையானது என்றே தோன்றும்.

அதன் ஓரத்தைக் கிழித்து வெந்நீரில் ஊறவையுங்கள். காகிதம் கூழாகிக் கழன்றுவிடும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளோ வெள்ளி நிற அலுமினியப் படலமோ அப்படியே நிற்கும். இப்படி ஒட்டிப்போனதைப் பிரித்தெடுப்பது பழைய காகிதம் வாங்குபவருக்குக் கட்டுப்படியாகாது. சிலவற்றில் உள்தாள் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வந்த பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். மக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அதற்கு ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில் இயங்கும் உரக்கூடம் வேண்டும். வீட்டு உரத்தொட்டி போதாது.

சரி, உள்தாளே இல்லாத துணிப் பை? இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. துணியில் கட்டிய முறுக்கு சீக்கிரமே நமத்துவிடும், மிளகாய்த்தூள் கட்டிதட்டும். சில வண்டுகள் காகிதத்தையே துளைத்துவிடும். பண்டம் கெட்டுக் குப்பைக்குப் போனபின் பை மக்கி என்ன பயன்?

அதனால் ஈரத்தைத் தடுக்கும் வேலையைப் பழைய போத்தலிடமோ டின்னிடமோ விட்டுவிடுவேன். கைவேலை அதற்கு வெளியேதான். பெருநாளுக்குப் பெருநாள் வீட்டில் சேரும் சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் போத்தலை நான் தூக்கிப்போட விடமாட்டேன். (அழகில்லை என்பார்கள். உண்மைதான்.) பழைய பருத்திச் சேலையில் உறை தைத்துப் போடுங்கள். வெளிச்சம் படாததால் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் சீக்கிரம் வெளுக்காது. உறையைக் கழற்றித் துவைக்க நாடா வைத்துத் தைக்க வேண்டும். பசை போட்டு ஒட்டினால் மறுபடியும் அதே கதைதான். பலகாரம் நன்றாக ஆறியபின் போடுங்கள், சூட்டில் போத்தல் நெளியும்.

வெங்காயம், பூண்டுக்கு மட்டும் மெங்குவாங் (தாழை வகை) ஓலைக்கூடை பொருத்தம், அவற்றுக்குக் காற்றோட்டம் வேண்டுமே. கூடையை அவ்வப்போது வெயிலில் காட்டாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நறுக்கிய எலுமிச்சைக்குத் தேன்மெழுகுத் துணி போதும். மெழுகோடு கொஞ்சம் குங்கிலியம் சேர்த்தால்தான் துணி கிண்ண விளிம்பில் பற்றும். 62 டிகிரியை ஒட்டியே மெழுகு உருகிவிடும், அதனால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். மீன், இறைச்சிக்கு இந்தத் துணி ஆகாது.

அப்புறம் லேபிள். ஸ்டிக்கர் வேண்டாம், போத்தலைக் கழுவும்போது உயிரை வாங்கும். சின்ன அட்டையில் எழுதிக் கழுத்தில் நூலால் கட்டுங்கள். அரைத்த தேதியையும், போத்தலைத் திருப்பித் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.