'அளவான அடி' என்று ஒன்று உண்டா?

"வெள்ளைக்காரங்க பிள்ளைகளை அடிக்க மாட்டாங்க மேடம், நாமதான் அடிச்சு வளர்த்தோம்." கிழக்கு லண்டனில் கல்வி உளவியலாளராக இருக்கும் என்னிடம் தமிழ்ப் பெற்றோர் பலர் இப்படிச் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி நின்றதே 1987 ஆகஸ்டில்தான்.

1860 ஏப்ரலில் இங்கிலாந்தின் கடலோர ஊரான ஈஸ்ட்போர்னில் நடந்ததை நான் அடிக்கடி அவர்களுக்குச் சொல்வேன். ரெஜினால்ட் கான்செலர், 15 வயதுப் பையன். படிப்பு ஏறவில்லை. பிடிவாதம்தான் காரணம் என்று முடிவுகட்டிய ஆசிரியர் தாமஸ் ஹாப்லி, அடித்துத் திருத்த அனுமதி கேட்டுத் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தந்தையும் சம்மதித்தார். ஸ்கிப்பிங் கயிற்றாலும் தடியாலும் ஹாப்லி அவனை இரவில் வெகுநேரம் அடித்தார். காலையில் பையன் பிணமாகக் கிடந்தான். காயம் தெரியாதபடி கைகளில் கையுறை, கால்களில் நீளக் காலுறை. பிரேதப் பரிசோதனையில் அவன் மூளையில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. எது பிடிவாதம் என்று பெயர் பெற்றதோ, அது நோய்.

ஹாப்லிக்கு நான்கு ஆண்டு சிறை. ஆனால் அதே வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன், பெற்றோரும் அவர்கள் சார்பில் ஆசிரியரும் 'மிதமாக, நியாயமான அளவில்' அடிக்கலாம் என்றார். நூறு வருஷத்துக்கும் மேலாக ஆசிரியர்களுக்குக் கேடயமாக இருந்தது இந்த வாக்கியம்தான். எவ்வளவு அடி நியாயம் என்று வாதாடினார்களே தவிர, அடி எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டவர்களில் ஸ்காட்லாந்துத் தாய்மார் இருவர் முக்கியமானவர்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் 1982-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1986-ல் நாடாளுமன்றத்தில் அரசுப் பள்ளிகளுக்கான தடை நிறைவேறியது 231-க்கு 230 என்று, ஒரே ஒரு வாக்கில்! இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் பிரம்பு 1999 வரை இருந்தது.

வீட்டில் மட்டும் அந்தப் பழைய வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்காட்லாந்து 2020-லும் வேல்ஸ் 2022-லும் அடித்த பெற்றோர் சட்டத்தில் சொல்லித் தப்பக்கூடிய 'நியாயமான தண்டனை' என்ற சாக்கை நீக்கிவிட்டன. இங்கிலாந்து இன்னும் நீக்கவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தந்தை தன் ஒன்பது வயது மகனைக் கூட்டி வந்தார். "கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டான், அவ்வளவு திமிர். அளவாத்தான் அடிப்பேன்" என்றார். நான் பேசும்போது பையன் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் நடுச்செவியில் திரவம் தேங்கியிருந்தது.

ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தந்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மகனின் எதிரே போய்க் குனிந்து, அவன் முகத்தைப் பார்த்து, "போலாமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிள்ளை சொல்பேச்சு கேட்கவில்லையா? காதையும் கண்ணையும் வாசிக்கும் திறனையும் முதலில் பரிசோதியுங்கள். உங்கள் ஜிபியிடமும் (குடும்ப மருத்துவரிடமும்), பள்ளியில் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியரிடமும் இந்த வாரமே பேசுங்கள்.