கால் நொடியில் காது கேட்பது

ஒரு பாட்டிலிருந்து கால் நொடியை மட்டும் வெட்டி எடுத்தால் அதில் என்ன மிஞ்சும்? நிமிடத்துக்கு 120 தட்டுகள் விழும் பாட்டென்றால் அரைத் தட்டு மிஞ்சும். ஒரு சொல் முழுதாக வந்திருக்காது. மெட்டு தொடங்கியே இருக்காது. ஆனாலும் அந்தத் துணுக்கைக் கேட்டு, இது ராக், இது ஜாஸ் என்று சொல்வதில் மனிதர்கள் வியக்கத்தக்க அளவு தேறுகிறார்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் யெர்டிங்கனும் டேவிட் பெரட்டும் 52 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ப்ளூஸ், செவ்வியல், கன்ட்ரி, நடன இசை, ஜாஸ், லத்தீன், பாப், ஆர் அண்ட் பி, ராப், ராக் எனப் பத்து வகைகள். துணுக்குகளில் மிகக் குறுகியது கால் நொடி, மிக நீண்டது மூன்று நொடி. மூன்று நொடி கேட்டுவிட்டு மாணவர்கள் சொன்ன வகை, இசைத் துறை அந்தப் பாட்டுக்குக் கொடுத்திருந்த வகையோடு சுமார் 70 சதவீதம் ஒத்துப்போனது. கால் நொடிக்குச் சொன்ன விடை, அதே பாட்டுக்கு அவர்களே மூன்று நொடியில் சொன்ன விடையோடு 44 சதவீதம் பொருந்தியது. பத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் 10 சதவீதம்தான் கிடைக்கும். இந்த ஆய்வு 2008-ல் முழுக் கட்டுரையாக வெளிவந்தது. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விவரம்: மிகக் குறுகிய துணுக்குகளில் பாடகரின் குரல் இருந்தால் கணிப்பு தடுமாறியது. வாத்தியம் மட்டும் ஒலித்தவையே எளிதாக இருந்தன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுவதும் ஒரே சூட்டில் வெந்திருப்பதால்தான் அது சாத்தியம். பாட்டில் அப்படி முதலிலிருந்து கடைசி வரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பது எது? மெட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது, சொற்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறாமல் நிற்பது நாதத்தின் தன்மை. ஒரே சுரத்தை ஒரே உரப்பில் வாசித்தாலும் வயலினையும் புல்லாங்குழலையும் பிரித்துக் காட்டுவது அதுதான். எந்த வாத்தியமும் ஒற்றை அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை. அடிப்படை அதிர்வெண்ணோடு, அதைவிட உயர்ந்த அதிர்வெண்களான மேற்சுரங்கள் பலவும் சேர்ந்தே எழுகின்றன. எது எவ்வளவு என்ற கலவை வாத்தியத்துக்கு வாத்தியம் வேறுபடுகிறது. உட்காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் சவ்வில், உயர்ந்த அதிர்வெண்கள் ஓரிடத்தையும் தாழ்ந்தவை வேறிடத்தையும் அசைக்கின்றன. ஆகவே ஒலி வந்து சேரும்போதே காது அதைப் பிரித்துப் பரப்பிவிடுகிறது. தாளம் தெரிய அடுத்த தட்டு விழும்வரை காத்திருக்க வேண்டும். நாதத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

மின் கிதாரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒலியைப் பெருக்கிக்குள் அளவுக்கு மேல் செலுத்தினால், அலையின் முகடுகள் பெருக்கியின் எல்லையில் முட்டித் தட்டையாகிவிடுகின்றன. இப்படிச் சீவப்பட்ட அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் ஏராளமாக முளைக்கின்றன. அந்தக் கரகரப்பைக் கேட்டதும், ராக் இசையின் கனத்த வடிவமான ‘மெட்டல்’ என்கிறோம். அதே விரல்கள் அதே கம்பிகளில் அதே சுரங்களை வாசிக்க, பெருக்கியின் குமிழை மட்டும் பின்னோக்கித் திருப்பினால், மென்மையான காதல் பாட்டின் முகப்பு போல ஒலிக்கும். வகை மாறியது விரலில் இல்லை, மின்சுற்றில்.

1999-ல் கிளென் ஷெல்லன்பர்க்கும் அவருடைய சகாக்களும் இன்னும் குறுகலாகப் போனார்கள். புகழ்பெற்ற பாட்டுகளின் பத்தில் ஒரு பங்கு நொடியைக் கொடுத்து, எந்தப் பாட்டு என்று பொருத்தச் சொன்னார்கள். அதிலும் கேட்டவர்கள் தற்செயலை வென்றார்கள். தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டி நீக்கியபோது பாதிப்பே இல்லை. உயர்ந்தவற்றை நீக்கியதும் விடைகள் குருட்டு யூகத்தின் அளவுக்கு இறங்கின. துணுக்கைப் பின்னிருந்து முன்னாக ஒலிக்கவிட்டபோதும் அதே கதி. அதே அதிர்வெண்கள்தாம் இருந்தன, வரிசை மட்டும் புரண்டிருந்தது. பியானோவில் சுத்தியல் பட்டதும் ஒலி திடீரென எழுந்து மெல்லத் தேய்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் அது பியானோவாகவே கேட்பதில்லை. ஒலி எப்படிப் பிறந்து எப்படி மடிகிறது என்பதும் காதுக்கு ஓர் அடையாளம்.

வித்தியாசத்தை உணர மனித மூளையே தேவையில்லை என்றும் சொல்லலாம். 2001-ல் ஏவா சேஸ் வெளியிட்ட ஆய்வில், பழக்கப்படுத்தப்பட்ட கோய் கெண்டை மீன்கள் ப்ளூஸையும் செவ்வியல் இசையையும் பிரித்தறிந்தன, முன்பு கேட்டிராத பாட்டுகளிலும் கூட. மீனுக்கு இல்லாதது பெயர். ‘ப்ளூஸ்’ என்ற சொல்லும் அதன் எல்லையும் நம்மிடமிருந்து வருபவை.

அந்த எல்லையை நாம் இலக்கணம் வைத்துப் போடுவதில்லை. 1970-களில் உளவியலாளர் எலனோர் ராஷ் காட்டியபடி, பறவை என்றதும் மனம் சிட்டுக்குருவி போன்ற ஒன்றை நடுவில் வைக்கிறது. பென்குவின் ஓரத்தில் நிற்கிறது. இசைவகையும் அப்படித்தான். நாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பாட்டுகளின் நடுவில் ஓர் உருவம் திரள்கிறது. புதிய பாட்டு அதற்கு எவ்வளவு அருகில் என்று மனம் அளக்கிறது. மெட்டலில் ஊறியவருக்கு டெத் மெட்டலும் டூம் மெட்டலும் தனித்தனி ஊர்கள், புதியவருக்கு எல்லாமே ஒரே இரைச்சல். இருவர் சேர்த்துவைத்த பாட்டுகள் வேறு என்பதால் இருவர் விடையும் வேறாகலாம். அதில் ஒருவரை அறியாதவர் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நாம் சேர்த்துவைத்தவையும் நாமே தேர்ந்தவை அல்ல. 1920-களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவர் பாட்டுகளை ‘இன இசைத்தட்டுகள்’ என்றும், பின்னாளில் கன்ட்ரி எனப்பட்ட தென்பகுதி வெள்ளையர் பாட்டுகளை ‘ஹில்பில்லி’ என்றும் தனித்தனிப் பட்டியலில் விற்றன. ஹில்பில்லி இசையின் அடையாளமாகிப்போன பாஞ்சோவோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய வாத்தியம். 1949-ல் இசை விற்பனைப் பட்டியல்களை வெளியிடும் பில்போர்டு இதழ், அங்கே பணியாற்றிய ஜெர்ரி வெக்ஸ்லரின் யோசனைப்படி, தன் ‘இன இசைத்தட்டுகள்’ பட்டியலின் பெயரை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ (ஆர் அண்ட் பி) என்று மாற்றியது. பெயர் மாறியபோது பாட்டுகளில் ஒரு சுரமும் மாறவில்லை.

2019-ல் அதே பில்போர்டு, லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் ‘ஓல்டு டவுன் ரோடு’ பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதவில்லை என்பது இதழின் விளக்கம். நிறம்தான் காரணமோ என்ற கேள்வி உடனே எழுந்தது. காதால் மட்டும் தீர்க்க முடியாத வழக்கு அது: கம்பி வாத்தியம் கன்ட்ரி என்கிறது, தாளம் ராப் என்கிறது. கன்ட்ரி என்று நம்மை நினைக்க வைக்கும் அந்த பாஞ்சோ ஒலியோ, நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-ல் வெளியிட்ட வாத்திய இசையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய அதன் வடிவத்துக்கு அந்த நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம் விருது கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து அதே வடிவத்துக்குக் கிராமி விருதும் வந்தது, பாப் பிரிவில்.