துண்டு நாறினால் சாயத்தைத் திட்டாதீர்கள்

நாற்றமடிக்கிறது என்று திரும்பி வந்த துண்டுகளில் இன்னொரு கட்டை இந்த வாரம் பிரித்தோம். புகாரில் வழக்கமான வரிகள்தான். சாயம் மட்டம், நூல் மட்டம், வாங்கின புதிதில் அருமையாக இருந்தது, இப்போது முகத்துக்குக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை.

விரித்துப் பார்த்தால் துண்டே கதையைச் சொல்லிவிடும். ஒரு மூலையில் துணியையே ஆணியில் குத்தித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அங்கே நூல் இழுபட்டு ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து கீழே வரைக்கும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய தடம். ஓரம் மடித்துத் தைத்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரியே பளிச்சென்று இருக்கிறது. சாயம்தான் காரணமென்றால் துண்டு முழுக்க ஒரே வாடை வர வேண்டாமா? மடிப்புக்குள்ளும் தையலுக்குள்ளும் மட்டும் ஏன் வருகிறது? காயாத இடம் நாறுகிறது, அவ்வளவுதான்.

துண்டு வடிவமைத்து நெய்யவைப்பதுதான் என் பிழைப்பு. கனமான துண்டில் எங்களுக்கு வருமானமும் கூட. அப்படியிருந்தும் சொல்கிறேன், வீட்டில் தினமும் துடைத்துக்கொள்ள கனமான துண்டு வாங்காதீர்கள்.

இந்த 'கனம் என்றால் தரம்' நினைப்புதான் எனக்குத் தாங்கமுடியாத எரிச்சல். பெரும்பாலும் விடுதி அறைகளில்தான் இது தொற்றிக்கொள்கிறது. வெள்ளையாக, மெத்தென்று, உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்கிற மாதிரி ஒரு துண்டு. ஒருமுறை துடைத்துவிட்டுப் போட்டுவிடுகிறோம், யாரோ எடுத்துப் போய் சுடுநீரில் துவைத்து, இயந்திரத்தில் உலர்த்தி, வேறொன்றை மடித்து வைக்கிறார்கள். இரண்டு குளியலுக்கு நடுவே தானாகக் காயவேண்டிய வேலையே அந்தத் துண்டுக்கு இல்லை. உங்கள் வீட்டுத் துண்டுக்கு அதுதான் முக்கியமான வேலை, அதுவும் தினமும். அந்த வேலைக்கு இந்த ஆளை எடுத்துவிட்டு, ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று நட்சத்திரம் குறைப்பது என்ன நியாயம்?

கணக்காகவே பார்ப்போம். ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 75க்கு 150 சென்டிமீட்டர் துண்டு 600 ஜிஎஸ்எம்மில் கிட்டத்தட்ட 675 கிராம் வரும். அதே அளவு 300 ஜிஎஸ்எம்மில் அதில் பாதிதான். துடைக்கவேண்டிய உடம்பு இரண்டுக்கும் ஒன்றே. காற்று படுகிற பரப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கனத் துண்டில் டெர்ரி சுருள்கள், அதாவது துணியின்மேல் நிற்கிற நூல் வளையங்கள், நெருக்கமாக, உயரமாக நிற்கும். தண்ணீர் அவற்றின் அடிவரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அங்கே காற்று அசையவே அசையாது. 'நிறையத் தண்ணீர் இழுக்குமே' என்பார்கள். சரி, இழுக்கட்டும், இழுத்ததை எப்போது விடும்? பருத்தித் துண்டு எதுவானாலும் தன் எடைக்கு மேலேயே தண்ணீர் தாங்கும். குளித்து முடித்ததும் கையால் உடம்பை ஒருதரம் வழித்துவிட்டால் மிச்சமிருக்கிற ஈரத்துக்கு 300 ஜிஎஸ்எம் தாராளம். உண்மையைச் சொன்னால் பலருக்கு 50க்கு 100 அளவே போதும், அது 150 கிராம்தான்.

தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம். கையில் வழுக்குகிற அந்த மென்மை பல நேரம் பஞ்சினுடையதே கிடையாது, கடைசியில் கொடுக்கிற சிலிக்கோன் மென்மையாக்கியின் வேலை. அதில் சில வகைகள் தண்ணீரை ஒட்டவே விடாது. அதனால்தான் புதுத் துண்டு முதல் சில துவையல்வரை தண்ணீரை உடம்பிலேயே தள்ளிக்கொண்டு போகிறது. வாங்கும்போது விரல்நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து வைத்துப் பாருங்கள். உடனே உள்ளே போனால் நல்லது, முத்தாக நின்றால் அதன்மேல் பூச்சு இருக்கிறது.

பருத்தியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற பருத்தியிலும் தண்ணீர் இருக்கிறது. 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் அது தன் உலர்ந்த எடையில் சுமார் 8.5 சதவீதத்தைத் தண்ணீராக வைத்திருக்கும். அரை கிலோ துண்டென்றால் ஏறக்குறைய நாற்பது கிராம். குளித்து முடித்துக் கதவைச் சாத்திய குளியலறையில் காற்றே ஈரத்தில் தளும்பும், அங்கே துண்டு எவ்வளவு நேரம் தொங்கினாலும் அந்தக் காற்றைவிட அதிகமாகக் காய வழியில்லை. பாலியஸ்டரில் இதே கணக்கு வெறும் 0.4 சதவீதம். அதனால் பெரும்பாலும் பாலியஸ்டரில் செய்கிற மைக்ரோஃபைபர் துண்டு பிழிந்து உதறினால் சீக்கிரம் காய்ந்துவிடும். பயணத்துக்கு நல்லது. ஆனால் பாலியஸ்டர் உடம்பு எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் அதற்கென்று ஒரு நாற்றம் வேறு வரும். 'மைக்ரோஃபைபர் நாறவே நாறாது' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால் தேன்கூடு நெசவுதான், வாஃபிள் என்று விற்கிறார்களே, அது. மேடும் பள்ளமுமாக இருப்பதால் உடம்பில் மேடு மட்டும் படும், பள்ளத்தில் காற்று ஓடும். முதலில் சொரசொரவென்று இருக்கும், சில துவையலில் பழகிவிடும். டெர்ரிதான் வேண்டும் என்றால் ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் தட்டை நெசவு உள்ளதைப் பாருங்கள். ஓரமாக ஜிகுஜிகு பார்டர் போட்டதைத் தவிருங்கள். துணியும் பார்டரும் வேறுவேறு அளவில் சுருங்கி ஓரம் கோணிக்கொள்ளும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், அழகுக்காகத்தான் இன்னும் போடுகிறார்கள்.

அடுத்தது மாட்டும் நாடா. இதில் குற்றவாளிகள் எங்கள் ஆட்கள்தான், வாங்குகிறவர்கள் இல்லை. ஓரத்தில் விரல் நுழையாத அளவில் ஒரு நாடாத் துண்டைத் தைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஈரக் கையோடு, கண்ணில் சோப்பு நுரையோடு அதைத் தேடிக் கொக்கியில் மாட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? துணியையே குத்திவிடுகிறார்கள், துண்டு குடை மடித்ததுபோல் சுருண்டு தொங்குகிறது, உள்மடிப்பு மறுநாள்வரை ஈரம். துண்டு கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் காய வேண்டும் என்பதற்கும் நடுவே இருக்கிற சண்டையே இதுதான். குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கைக்கு வசதி, காய்வதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே இடத்தைத் தேடாதீர்கள். குளிக்கும்போது பக்கத்தில் ஒரு கொக்கி, முடிந்ததும் வெளியே காற்றோட்டத்தில் இரண்டு கொக்கி. துண்டு அங்கேயும் இங்கேயும் ஒரே கையால் போய்வர வேண்டும். நாடா சரியாக இருந்தால் போகும், இல்லாவிட்டால் முதல் வாரத்தோடு சோம்பல் வந்துவிடும்.

அதனால் நான் வரைந்து கொடுக்கிற துண்டில் குறுகலான பக்கத்தின் இரண்டு மூலையிலும் நாடா. பார்க்காமலே கொக்கியில் விழும்படி ஒவ்வொன்றும் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், கொஞ்சம் விறைப்பு. பருத்தி நாடா வேண்டாம், அது துண்டைவிடத் தாமதமாகக் காயும், கறுப்புப் புள்ளியும் அங்கிருந்துதான் தொடங்கும். மெல்லிய நைலான் நாடா போதும். ஓரத்தையும் அகலமாக மடிக்கக்கூடாது. கொக்கிகளைத் துண்டின் அகலத்தைவிடச் சற்றே குறைவான தூரத்தில் அடித்தால் துண்டு ஒரே அடுக்காக விரிந்து தொங்கும், இரண்டு பக்கமும் காற்று படும். கடையில் இப்படிக் கிடைக்காது, தெரியும். தையல்காரரிடம் கொடுங்கள், அல்லது ஊசி நூல் எடுத்து நீங்களே தையுங்கள், பெரிய வேலை இல்லை.

கொக்கிக்குப் பதில் கம்பிதான் இருக்கிறது என்றால், பாதியாக மடித்துப் போடும்போது உள்பக்கங்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த குழாய் மாட்டினால் நடுவே இடைவெளி விழும். சமையலறைக் கைத்துண்டுக்கு இன்னும் எளிது. ஒரு ஓரத்தில் அழுத்துபொத்தான் வைத்த பட்டை தைத்து, அலமாரிக் கைப்பிடியைச் சுற்றிப் பூட்டுங்கள். இழுத்துத் துடைத்தாலும் கீழே விழாது, துவைக்கும்போது கழற்றிவிடலாம். தோளில் போட்டுக்கொண்டே சமைக்கிறவர்கள், அந்தத் துண்டிலேயே கையும் பாத்திரமும் குழந்தை மூக்கும் துடைக்காதீர்கள், தயவுசெய்து.

குளித்த உடம்பைத்தானே துடைக்கிறோம், அதில் என்ன அழுக்கு என்று கேட்கிறவர்களுக்கு: தோலின் செதிலும் எண்ணெயும் துடைக்கத் துடைக்க வந்துகொண்டேதான் இருக்கும். ஈரத் துணி நாற்றத்தைக் கிளப்புகிற மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். துணி உலர்ந்தாலும் அது நன்றாகவே தாக்குப்பிடிக்கும். துவைத்து மடித்த துண்டு ஈரம் பட்டதும் மறுபடி நாறுவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே மூன்று நான்கு தடவை துடைத்ததும் துவையுங்கள். மென்மையாக்கித் திரவம் வேண்டவே வேண்டாம், அது நூலின்மேல் படலமாகப் படிந்து தண்ணீர் இழுப்பதைக் கெடுக்கும். சோப்புத்தூளை அள்ளிக் கொட்டாதீர்கள், அலசலில் போகாத சோப்பும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஈரத் துண்டைக் கட்டில்மேலோ கதவின் மேல்விளிம்பிலோ போடாதீர்கள், அழுக்குக்கூடையில் சுருட்டி வைக்காதீர்கள். முகத்துக்குத் தனியாக ஒரு சின்னத் துண்டு. வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரையோ கண்நோயோ இருந்தால் அவர் துண்டை வேறு யாரும் தொடவேண்டாம், வேறு நிறத்தில் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு கனத் துண்டு வாங்குவதற்குப் பதில் இரண்டு மெல்லிய துண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், மழைநாளில் அருமை தெரியும்.

ஏற்கெனவே நாற ஆரம்பித்துவிட்டதா? துணி தாங்குமென்றால் 60 டிகிரி சுடுநீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நன்றாக அலசி, அன்றே ஒரே அடுக்காக வெயிலிலோ காற்றிலோ முழுக்கக் காயவையுங்கள். அப்புறம் ஒரு மூலையை நனைத்து அரைமணி நேரம் விட்டு முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னொருமுறை இதேபோல் செய்து பார்க்கலாம். அதற்கும் போகவில்லையென்றால் நாலாக வெட்டித் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.