வாய்க்காலில் இறங்கும் கார்: கதவு ஏன் திறக்காது, கண்ணாடி ஏன் திறக்கும்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் வழியில் எங்காவது ஒரு கரைமேல் ஏறித்தான் ஆக வேண்டும். வயல் தாழ்வு, கரை மேடு. அடைமழையிலும் முழுகாத மண் அதுதான் என்பதால் சாலையையும் அதன்மேலேயே போட்டார்கள். ஒரு பக்கம் நெல், மறு பக்கம் ஆறு, பல இடங்களில் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. அணையில் இருப்பு இருந்து ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால், ஜனவரி 28 வரை பாசனக் காலம். இந்த ஏழரை மாதமும் சாலையை விட்டு விலகும் கார் தண்ணீரில்தான் இறங்கும்.

விலகுவது எப்படி? தூக்கம், வேகம் எல்லாம் தெரிந்த காரணங்கள். அதிகம் பேசப்படாத ஒன்று தார் விளிம்பு. மழையில் ஓரத்து மண் அரித்துப்போய், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம் விழுந்திருக்கும். எதிரே வரும் அறுவடை இயந்திரத்துக்கு ஒதுங்கும்போதோ, சாலையில் காயும் நெல்லைச் சுற்றிப் போகும்போதோ இடது சக்கரங்கள் அதில் இறங்கிவிடும். ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிப்பார். டயரின் பக்கச்சுவர் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வரும், ஏறாது. இன்னும் ஒடிப்பார். திடீரென்று டயர் ஏறிவிடும். அந்த நொடியில் சக்கரம் ஏற்கெனவே நன்றாக வலப்பக்கம் திரும்பியிருப்பதால் கார் சாலையைக் குறுக்கே வெட்டி எதிர்க்கரையில் பாயும். சரியான வழி வேறு: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மண்ணிலேயே ஓடவிட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, விளிம்பு தாழ்ந்த இடம் பார்த்து மெல்ல ஏற வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஈர மண்ணில் இரு சக்கரம், தாரில் இரு சக்கரம் என்று இருக்கும்போது பிடிமானம் சமமாக இருக்காது, கார் சுழன்றுவிடும்.

தண்ணீரில் விழுந்த கார் கல் மாதிரி மூழ்குவதில்லை. ஆயிரம் கிலோ எடையுள்ள சிறிய கார் ஒரு கனமீட்டர் தண்ணீரை இடம்பெயர்த்தால் மிதக்கும். உள்ளே அடைபட்ட காற்று அதற்குப் போதும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் உண்மையான கார்களை ஆள்களோடு நீரில் இறக்கிப் பலமுறை சோதித்தார். மிதக்கும் நேரம் பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை. தப்பிப்பதற்கான நேரம் முழுவதும் அதுதான். எஞ்சின் முன்னால் இருப்பதால் மூக்கு முதலில் தாழும், பின்பக்கம் உயர்ந்து நிற்கும்.

அந்த நேரத்தில் கை தானாகவே கதவுக்குப் போகும். அங்கேதான் தவறு நடக்கிறது. கதவின் அகலம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கதவின்மீது விழும் அழுத்தம் சுமார் 125 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் மூட்டை மூன்றைக் கதவில் சாய்த்து வைத்தது போல. கீல் ஒரு ஓரத்தில் இருப்பதால் மறு ஓரத்தைத் தள்ளுபவருக்கு அதில் பாதி பாரம் வரும். உட்கார்ந்தபடி பக்கவாட்டில் அறுபது கிலோவைத் தள்ளுவதே பெரும்பாடு. தண்ணீர் ஒரு மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகும்: 500 கிலோ, பன்னிரண்டரை மூட்டை. எவராலும் முடியாது. தொடக்கத்திலேயே முண்டித் திறந்துவிட்டாலும் நல்லதல்ல. அகன்ற வாய் வழியே தண்ணீர் கொட்டி, மிதக்க வேண்டிய கார் சில நொடிகளில் அமிழும். பின்சீட்டில் இருப்பவருக்கு நேரமே இராது.

கண்ணாடியின் கதை வேறு. அது வெளியே தள்ளித் திறப்பதல்ல, கீழே வழுக்கி இறங்குவது. தண்ணீர் இன்னும் அதன் மட்டத்துக்கு வராதபோது அதைத் தடுக்க எதுவும் இல்லை. பவர் விண்டோவின் மோட்டார் நனைந்தவுடன் நின்றுவிடும் என்று பலரும் நினைத்து முயல்வதே இல்லை. பேட்டரி நனைந்த பின்னும் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுக்கும். மோட்டாரை நிறுத்துவது பெரும்பாலும் நீரின் அழுத்தம். தண்ணீர் கண்ணாடிக்கு ஏறியதும் அது கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து நெரிக்கும், மோட்டாரால் இழுக்க முடியாது. ஆகவே விழுந்த கணமே பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று நான்கு நொடியில் கண்ணாடி இறங்கிவிடும்.

கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுத்த வரிசை நான்கே சொல்: பெல்ட், கண்ணாடி, குழந்தை, வெளியே. குழந்தைகளில் பெரியதை முதலில் வெளியே தள்ளி, கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வர வேண்டும். போன் பேசுவது இந்த வரிசையில் இல்லை. 108-ஐக் கரையேறிய பின் கூப்பிடலாம்.

கண்ணாடி இறங்காவிட்டால் உடைக்க வேண்டும். எந்தக் கண்ணாடி என்பதுதான் கேள்வி. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விழும், திறக்காது. பக்கக் கண்ணாடியும் டிக்கிக் கண்ணாடியும் பெரும்பாலும் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்த டெம்பர்ட் வகை. அதன் வெளிப்பரப்பு இறுகி அழுந்தியும், உட்பகுதி இழுபட்டும் நிற்கும். முழங்கையால் அடித்தால் அசையாது. கூரான கடின முனையால் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி உடைந்தால் போதும், அடைபட்ட இழுவிசை முழுதும் விடுபட்டுக் கல்கண்டாகக் கொட்டும். சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் லாமினேட்டட் எனப்படும் ஒட்டுக் கண்ணாடியாகவே வருகிறது, அதில் எந்தச் சுத்தியலும் பலிக்காது. கண்ணாடி மூலையில் பொடியெழுத்தில் டெம்பர்ட் என்றோ லாமினேட்டட் என்றோ அச்சிட்டிருப்பார்கள். இன்றே போய்ப் பாருங்கள். நாலு கண்ணாடியில் எதை உடைக்க முடியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெட்ரெஸ்டைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்தக் கம்பி முனை மழுங்கலானது. சில கார்களில் கழற்றவே வராது. அதை நம்பி உட்காருவது சரியல்ல. சுத்தியலை வீசவும் இடம் வேண்டும், தண்ணீருக்குள் வீச்சு இறங்கிவிடும். அதைவிட ஸ்பிரிங் வைத்த சிறிய துளைப்பானே சிறந்தது. கண்ணாடி மூலையில் அழுத்தினால் அதுவே அடிக்கும், நீருக்குள்ளும் வேலை செய்யும். பெல்ட் அறுக்கும் கத்தியும் பலவற்றில் சேர்ந்தே வரும். டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். கார் சாய்ந்ததும் பொருளெல்லாம் இடம் மாறும். ஓட்டுபவர் பெல்ட் போட்டபடியே எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள்.

கிளை வாய்க்கால்களில் வேறு சிக்கல். நாலடித் தண்ணீர்தான் இருக்கும், ஆனால் கார் குப்புறக் கவிழும். நிமிர்ந்து நின்றால் மார்பளவே வரும் தண்ணீரில் தலை கீழே, கால் மேலே. பெல்ட்டை விடுவிக்கும் முன் ஒரு கையைக் கூரையில் ஊன்ற வேண்டும், இல்லையேல் கழுத்தின்மேல் விழுவோம். மறு கை பெல்ட்டை விடுவித்ததும் கதவுப் பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும், பிறகு அதை விடக் கூடாது. இருட்டில் திசை தெரிவதற்கு அது ஒன்றே அடையாளம்.

வெளியே வந்தவர் கரையைத் தொடுவதும் எளிதல்ல. கான்கிரீட் போட்ட சரிவு பாசியோடு வழுக்கும். நீரோட்டத்தை எதிர்க்காமல் அதன் போக்கிலேயே சாய்வாக நீந்திப் படித்துறையோ மரவேரோ பார்த்து ஏற வேண்டும். மதகுக்கு முன்னால் ஏறிவிடுவது முக்கியம்.

மூச்சில்லாமல் மீட்கப்பட்டவரை வயிற்றை அமுக்குவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் இன்னும் நம் கிராமங்களில் நடக்கிறது. அதனால் நுரையீரல் காலியாவதில்லை, வயிற்றிலுள்ளது மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கும். நீரில் மூழ்கியவருக்குத் தேவை காற்று. மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை நிமிர்த்தி, மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவே 5 செ.மீ. அழுந்தும்படி 30 அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். பின் இரண்டு மூச்சு, மீண்டும் 30. தேறி எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும், நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.

இந்த நிமிடங்களில்தான் ஒருவரின் மீதி வாழ்க்கை தீர்மானமாகிறது. ஆக்சிஜன் நின்று நாலைந்து நிமிடம் கடந்தால் மூளைச் செல்கள் சாகத் தொடங்கும். முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி. இன்னொன்று நடையைச் சீராக்கும் சிறுமூளை. உயிர் பிழைத்தவர் பழைய ஆள்களை அடையாளம் காண்பார், இருபது வருஷத்துக்கு முந்தைய மகசூலைச் சொல்வார், ஆனால் காலையில் மடை திறந்ததை மதியம் மறந்திருப்பார். வீட்டார் இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. நோட்டில் எழுதிவைப்பது, அலாரம், ஒரு நாளைப் போலவே மறுநாளும் அதே வரிசையில் வேலை என்று பழக்கினால் பலருக்கு ஓரளவு கைகூடும்.

உடம்பில் கீறலில்லாமல் வந்தவருக்கும் ஒரு தொல்லை காத்திருக்கலாம். தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே வேர்க்கும், பாலத்தில் மூச்சு முட்டும், தூக்கத்தில் கதவைத் தள்ளுவார். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். மற்ற ஊரில் ஆற்றை ஒதுக்கி வாழலாம், டெல்டாவில் பால் வாங்கப் போனாலும் ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அஞ்சும் இடத்துக்கு மருத்துவர் துணையோடு படிப்படியாகத் திரும்பிப் போவதே இதற்கான முக்கியச் சிகிச்சைகளில் ஒன்று. அதற்கு நம் ஊர்க் காலண்டரே உதவும். தண்ணீர் நின்ற பிறகு, மார்ச்சில், வறண்ட வாய்க்கால் ஓரம் பகலில் நடந்து போவது முதல் படி. பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து அதே சாலை, அப்புறம் பகலில் தானே ஓட்டுவது. அடுத்த ஜூனில் புதுத்தண்ணீர் நுரையோடு வரும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தப் பாலத்தைக் கடப்பது.