சுங்: கொரியர்களின் தளக் கணக்கு

கொரிய மொழியில் கட்டடத்தின் ஒரு தளத்துக்குப் பெயர் 'சுங்'. 'பச்சை'யில் வரும் வல்லினச் சகரத்தோடு தொடங்கி, உகரத்தை இதழ் குவிக்காமல் ஒலிக்க வேண்டும். 'காது', 'பட்டு' என்று முடிக்கும்போது நம் வாயில் வரும் குற்றியலுகரம் கிட்டத்தட்ட இதே ஒலிதான்.

சீனத்திலிருந்து கொரியாவுக்கு வந்த சொல் இது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அடுக்கு என்பது அடிப்படைப் பொருள். அதனால்தான் இந்தச் சொல் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. மண்ணியலில் பாறை அடுக்கு 'ஜிசுங்', ஓசோன் படலம் 'ஓஜோன்சுங்', நடுத்தர வர்க்கம் 'ஜுங்சான்சுங்'.

சரி, தளத்தை எப்படி எண்ணுகிறார்கள்? கொரியர்களிடம் இரண்டு எண் வரிசைகள் உண்டு. ஹானா, துல், செத் என்பது அவர்களின் சொந்த வரிசை. இல், இ, சாம் என்பது சீனத்திலிருந்து வந்தது. மணி மூன்று முப்பது என்று சொல்லும்போது மணிக்கு முதல் வரிசை, நிமிடத்துக்கு இரண்டாவது. சுங் என்ற சொல்லோடு இரண்டு வரிசையும் சேரும். ஆனால் பொருள் மாறிவிடும். 'இ சுங்' என்றால் அவர்கள் கணக்கில் இரண்டாவது தளம். 'து சுங்' என்றால் இரண்டு தளங்கள். 'இரண்டாம்', 'இரண்டு' என்று நாம் உருபு சேர்த்துக் காட்டும் வேறுபாட்டை அவர்கள் எண் வரிசையை மாற்றியே காட்டிவிடுகிறார்கள். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான். (விதிவிலக்கும் உண்டு: இரண்டு தள வீட்டை 'இசுங் ஜிப்' என்றே சொல்வார்கள்.) நான்குக்கு உரிய 'சா' என்ற ஒலி சாவையும் குறிப்பதால், பல மின்தூக்கிகளில் 4 இருக்க வேண்டிய பொத்தானில் ஆங்கில 'எஃப்' எழுத்து இருக்கும்.

நாம் தடுமாறும் இடம் அடுத்து வருகிறது. கொரியாவில் தெருவிலிருந்து நேரே நுழையும் தளமே 'இல் சுங்', அதாவது 1. நமக்கு அது தரைத்தளம். அதற்கு மேலேயிருப்பதுதான் முதல் மாடி. எனவே 'சாம் சுங்' என்று கொரியத் தொலைக்காட்சித் தொடரில் கேட்டால் தமிழில் அது இரண்டாம் மாடி. 'மூன்றாம் மாடி' என்று எழுதினால் ஆளை ஒரு தளம் மேலே ஏற்றிவிட்டோம் என்று அர்த்தம். நிலத்தடித் தளங்களுக்கு 'ஜிஹா' என்ற முன்னொட்டோடு கீழ்நோக்கித் தனி எண்ணிக்கை.

இந்த நிலத்தடிக் கணக்கு ஒரு புகழ்பெற்ற கட்டடத்தின் பெயருக்குள்ளும் புகுந்திருக்கிறது. சோல் நகரின் யோயிதோ தீவில் 1985இல் கட்டி முடித்த '63 பில்டிங்'கில் தரைக்கு மேல் இருப்பவை 60 தளங்கள். நிலத்தடித் தளங்கள் மூன்றையும் கூட்டித்தான் 63. ஊர்மக்கள் அதை அறுபத்து மூன்று என்றுகூடச் சொல்வதில்லை. 'யுக்சாம்', அதாவது ஆறு மூன்று என்றே சொல்கிறார்கள். உயரம் 249 மீட்டர். 2017இல் திறந்த லோட்டே வேர்ல்ட் டவரின் 123 தளங்களோ முழுக்கத் தரைக்கு மேல் உள்ளவை. அதன் நிலத்தடித் தளங்கள் அந்த எண்ணில் சேரவில்லை. உயரம் 555 மீட்டர்.

ஆக, தள எண்ணை மட்டும் வைத்து உயரத்தை ஒப்பிட முடியாது. உயரத்தைத் தளங்களால் வகுத்தால் லோட்டே கோபுரத்தில் ஒரு தளத்துக்குச் சுமார் 4.5 மீட்டர் வருகிறது. 63 பில்டிங்கில் 60ஆல் வகுத்தால் 4.15. கொரியக் கட்டடச் சட்டம் இரண்டு அளவையும் சேர்த்தே சொல்கிறது. 30 தளங்களோ 120 மீட்டரோ எட்டினால் 'கோசுங்', உயர்தளக் கட்டடம். 50 தளங்களோ 200 மீட்டரோ எட்டினால் 'சோகோசுங்', மீயுயர்தளக் கட்டடம். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் தளத்துக்குச் சரியாக 4 மீட்டர். மீயுயர்தளக் கட்டடம் என்றால், தீவிபத்தின்போது மக்கள் ஒதுங்கி நிற்பதற்கான தளம் 30 தளங்களுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

சுங் என்பதைத் தமிழாக்க எந்தச் சொல்? மாடி வேண்டாம், நம் பேச்சில் அது தரைக்கு மேலிருந்துதான் தொடங்கும். பொதுவாகத் தளம் என்பதே சரி, எண்ணை மட்டும் ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் மொத்த எண்ணிக்கையைச் சொல்ல என் தேர்வு 'நிலை'. முல்லைப்பாட்டிலேயே 'எழுநிலை மாடம்' இருக்கிறது. கோபுரத்தை இன்றும் ஏழுநிலை, ஒன்பதுநிலை என்றுதான் சொல்கிறோம். '123 நிலைக் கோபுரம்' என்பது கேட்கவும் நன்றாக இருக்கிறது. மண்ணியல், சமூகவியல் இடங்களில் அடுக்கு என்று எழுதலாம்.

அப்புறம், கொரியச் செய்திகளில் அடிக்கடி வரும் 'சுங்கன் சோயும்'. மேல்வீட்டுக் குழந்தை ஓடும் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும் கீழ்வீட்டுக்குக் கேட்டு, அக்கம்பக்கத்தார் சண்டையாக முற்றும் விவகாரம் அது. அங்கே 'தளங்களுக்கு இடையிலான ஒலி' என்று நீட்ட வேண்டியதில்லை. 'மேல்வீட்டுச் சத்தம்' என்றால் யாருக்கும் புரியும்.