ப்ரஷ் கட்டர் கார்ப்ரேட்டர் ஏன் திரும்பத் திரும்ப மக்கர் பண்ணுது?

புல்லு வெட்டுற ப்ரஷ் கட்டர்ல பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்ரேட்டரைக் கழட்டி கழுவி மாட்டுனா கொஞ்ச நாள் ஜம்முனு ஓடும், அப்புறம் பழைய குருடி கதவத் தொறடிதான். உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கவங்ககிட்ட பேசுனா இதே புலம்பல்தான், சிலர் வெறுத்துப்போய் புது கார்ப்ரேட்டரே வாங்கிப் போட்டுடுறாங்க. ஆனா பல நேரம் அது மேல தப்பே இல்ல, அதுக்குள்ள போற பெட்ரோல் மேலதான் தப்பு.

பைக் கார்ப்ரேட்டர்ல ஒரு கிண்ணமும் மிதவையும் இருக்கும், வண்டி நிமிந்து நிக்கிறதால அது சரிப்படும். ப்ரஷ் கட்டரை வரப்புல சாச்சு, பள்ளத்துல கவுத்து, எப்படியெல்லாமோ புடிக்கிறோம், மிதவை அங்க வேலைக்காவாது. அதனால மெல்லிசா ரெண்டு டயாஃப்ரம், அதாவது சவ்வு, வச்சிருக்காங்க. முதலாவது பம்ப். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பிஸ்டன் மேல கீழ போகும்போது பிஸ்டனுக்குக் கீழ இருக்குற கிரான்க் கேஸுக்குள்ள காத்தழுத்தம் கூடிக் குறையும்ல, அந்தத் துடிப்பு ஒரு பொடி ஓட்டை வழியா வந்து டயாஃப்ரத்தை ஆட்டும், அது டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுக்கும். இன்ஜின் 7000 ஆர்பிஎம்ல ஓடுனா செகண்டுக்கு 110 தடவைக்கு மேல அது துடிச்சாகணும். ரெண்டாவது டயாஃப்ரம் அளக்குறது. காத்து குறுகலான குழாய்ல வேகமா போகும்போது அங்க அழுத்தம் குறைஞ்சு பெட்ரோலை உறிஞ்சும், உடனே வெளிக்காத்து அந்த டயாஃப்ரத்தை உள்ள தள்ளும், அது ஒரு குட்டி லீவரை அமுக்கி பெட்ரோல் உள்ள வர்ற நீடில் வால்வைத் தொறக்கும். மொத்த மிஷினுக்கும் எவ்ளோ பெட்ரோல்னு முடிவு பண்றது இந்த ஒரு சவ்வோட நெகிழ்வுதான்.

நம்ம ராமநாதபுரம் கரையோரத்துல அந்த நெகிழ்வுதான் முதல்ல போகுது. இங்க மழைன்னா பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை வாடை மழைதான், புல்லு முளைக்கிறதும் அப்பதான். மிஷின் தை மாசம் வரைக்கும் ஓடும், அப்புறம் கோடை முழுக்க மூலைல கெடக்கும், டேங்க்ல மிச்சப் பெட்ரோலோட. இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்குற குணம் உண்டு, கடக்கரைக் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? மாசக்கணக்குல கெடந்து தண்ணி அளவுக்கு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு அடியில தங்கிடும், டேங்க் ஃபில்டர் கெடக்குறதும் அதே அடியிலதான். பெட்ரோல்ல லேசான பாகம் ஆவியாப் போயி மிச்சம் பிசினா ஒட்டும். அளக்குற டயாஃப்ரம் மொடமொடன்னு ஆயிடும், விரலால லேசா தட்டிப் பாருங்க, நல்லதுன்னா சத்தமே வராது, கெட்டதுன்னா சரசரக்கும். கார்ப்ரேட்டர் மூடியைத் தொறந்தா உள்ள வெள்ளையா பொடி பூத்திருக்கும், அலுமினியம் அரிச்ச பொடி, உப்புக்காத்தும் சேந்தா இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

டயாஃப்ரம் விறைச்சா லீவரை அமுக்காது, பெட்ரோல் கம்மியா வரும். அடையாளம் சுலபம்: பாதி சோக்ல ஓடும், சோக்கை எடுத்தா ஆஃப், ரேஸ் குடுத்தாலும் ஆஃப். சோக்லயே வச்சு ஒப்பேத்திடலாம்னு நினைக்காதீங்க. டூ ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோடதான் உள்ள போகுது, பெட்ரோல் கொறஞ்சா ஆயிலும் கொறையும், சூடு ஏறும், பிஸ்டன் சீஸ் ஆயிடும், அதாவது இறுகி நின்னுடும். இ20-யும் இதுல கொஞ்சம் சேக்குது. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், இ20-க்கு சுமார் 13.5 போதும், அதாவது அதே காத்துக்கு எரிபொருள் கொஞ்சம் கூடவே வேணும். எத்தனால் கம்மியா இருந்த பழைய பெட்ரோலுக்கு செட் பண்ண கார்ப்ரேட்டர் ஸ்க்ரூ அப்படியே இருந்தா கலவை வறண்டுதான் போகும், அதாவது காத்து கூடி பெட்ரோல் கொறையும்.

சரி, டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் (நடுவுல வைக்கிற அட்டை) சேந்து வர்ற ரிப்பேர் கிட் மாத்தியும் திரும்ப வருதுன்னா கார்ப்ரேட்டரை விட்டுட்டு வெளிய பாருங்க. ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுச்சுன்னா டேங்க் மூடியை லூஸ் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, உடனே ஓடுனா காத்து போற பிரீதர் அடைச்சிருக்கு, டேங்க்குள்ள வெற்றிடமாகி பெட்ரோல் வர மாட்டேங்குது, அவ்ளோதான் விஷயம். ட்யூப்ல முடி மாதிரி விரிசல் இருந்தாலும் பெட்ரோலுக்குப் பதிலா காத்தை இழுக்கும். இன்னொன்னு, பல மிஷின்ல அந்தத் துடிப்பு வர்ற ஓட்டை கேஸ்கெட் வழியாதான் வருது, கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டா ஓட்டை மறைஞ்சு பம்ப் செத்துடும், புது கிட் போட்டும் வேலை செய்யலன்னு வர்றதுல இதுவும் ஒன்னு. பெட்ரோல் வர்ற பொடி ஓட்டையான ஜெட்டை ஊக்கு வச்சு குத்துறதும் வேண்டாம், பித்தளை ஓட்டை பெருசாயிட்டா அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிக்காது. டயாஃப்ரத்தைக் கழட்டாம கம்ப்ரஸர் காத்து அடிச்சாலும் கிழிஞ்சிடும்.

ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாசத்துக்கு மேல வைக்காதீங்க, கம்பெனி புக்ல 50-க்கு 1 போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 போட்டிருந்தா 40 மில்லி. சீசன் முடிஞ்சதும் டேங்க்கை வடிச்சிட்டு, கார்ப்ரேட்டருக்குப் பெட்ரோல் இழுக்க அமுக்குற ப்ரைமர் பல்பை வெறுங்காத்து வர்ற வரைக்கும் அமுக்கிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. காலியா வச்சா டயாஃப்ரம் காஞ்சிடும்னு சில மெக்கானிக் அண்ணன்மார் சொல்றாங்க, அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ஆறு மாசம் இ20-ல ஊறுறதுக்கு இது தேவலாம், காஞ்சது கிட்டோட போயிடும், அரிச்ச பாடியை ஒன்னும் பண்ண முடியாது.